பதினாறு மார்க் கேள்விக்கு அடியில்

விம்கோ நகரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மே மாத வெயில். இடது பக்கம் கடல், வலது பக்கம் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், நாலாக மடித்த கேள்வித்தாள். விடைத்தாளை மட்டும் ஹாலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதில் என் நம்பரைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் – நான் எதையும் முழுசாகப் படித்து முடித்தவன் இல்லை. இன்ஜினியரிங்கும் அப்படித்தான். போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எந்தப் பேப்பரில் விழுந்தீர்கள்?" சாலிட் மெக்கானிக்ஸ், ஐயா. மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை முக்கால் மணி நேரம்தான். அதற்கு முன் ஹாலை விட்டு வெளியே விட மாட்டார்கள் என்பதால் அந்த முக்கால் மணி நேரம்.

ஹாலை விட்டு வந்து, காலேஜுக்குப் பக்கத்தில் இருந்த அத்திப்பட்டில் ரயிலேறினேன். கொருக்குப்பேட்டையில் இறங்கி வியாசர்பாடிக்கு நடக்க வேண்டும். அங்கே பிளாட் வாசலில் அப்பா நிற்பார். "எப்படி எழுதினே?" என்பார். அந்தக் கேள்விக்கும் விடை தெரியாது. அதனால் விம்கோ நகரிலேயே இறங்கி, கால் போன போக்கில் தெற்கே நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

என்னை எழுப்பி அனுப்பிய கேள்வி இதுதான். ஒரு இரும்பு சானல். டி.வி. சானல் இல்லை – வெட்டிப் பார்த்தால் 'ப' மாதிரி இருக்கும் இரும்புச் சட்டம். இரண்டு முனைகளிலும் தாங்கல், நடுவில் ஒரு எடை. அந்த 'ப'வை அப்படியே படுக்க வைத்தால் எவ்வளவு தாங்கும்? பக்கவாட்டில் திருப்பி நட்டமாக நிறுத்தினால் எவ்வளவு? பதினாறு மார்க்.

கேள்வித்தாளைத் திருப்பினேன். தலையைத் திருப்பினேன். சானல் எந்தப் பக்கம் வளைகிறது என்று மட்டும் கடைசி வரை கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. புத்தகத்தில் இருக்கும் சானலுக்கு எடையே கிடையாது, துருவும் கிடையாது... அது எப்படி வளையும்?

திருவொற்றியூர் போனது. தண்டையார்பேட்டை போனது. காசிமேட்டுக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. ஹாலில் இந்நேரம் பேப்பரை வாங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கோ நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போதெல்லாம் மீன்பிடித் தடைக்காலம் மே கடைசி வரைதான். அது முடியப் பத்து நாள் இருந்தது. விசைப்படகுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டிக் கரையில் நின்றன. தடைக்காலத்தில்தான் இன்ஜினைப் பிரிப்பார்கள். அதனால் சுற்றியிருந்த ஷெட்டுகளில் ஒரே சம்மட்டிச் சத்தம். ஒரு ஷெட்டுக்குள் தண்ணீர்ப் பானை தெரிந்தது. வாசலில் கிரீஸ் கையோடு ஒரு பாய் நின்றிருந்தார். காதர் பாய் – மெக்கானிக், ஷெட்டுக்குச் சொந்தக்காரர். பெயரெல்லாம் பிறகு தெரிந்ததுதான்.

"பாய், கொஞ்சம் தண்ணி."

"மொண்டுக்கோ நைனா. இன்னா, வெயில்ல நோட்டீஸ் குடுத்துகினு சுத்துறியா?" பையில் துருத்திக்கொண்டிருந்த கேள்வித்தாளைப் பார்த்துத்தான் கேட்டார்.

மொண்டு குடித்தேன். அண்ணாந்து குடிக்கும்போது கண் மேலே போகும் இல்லையா? போனது. அங்கே இருந்தது என் பதினாறு மார்க் கேள்வி.

இரண்டு செங்கல் தூண்கள். நடுவே பத்தடி. குறுக்கே ஒரு சானல், 'ப' மாதிரியே படுக்க வைத்தது. அதன் நடுவில் ஒரு செயின் பிளாக், அதாவது சங்கிலியைக் கையால் இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி. அதில் ஒரு விசைப்படகு இன்ஜின் இடுப்பு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்கு அடியில், சாக்கை விரித்து, ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை – சம்ப் என்பார்கள் – கழற்றிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது லுங்கியும் இரண்டு கால்களும் மட்டும்தான்.

சானலின் நடுவில் ஒரு தொப்பை விழுந்திருந்தது. லேசாகத்தான். ஆனால் ஹாலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தும் பிடிபடாதது ஒரே பார்வையில் பிடிபட்டது. இதோ, இந்தப் பக்கம்தான் வளைகிறது.

"பாய்... சானலப் படுக்க வெச்சிருக்கீங்க."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"நட்டமா வெச்சாத்தான் முழுசாத் தாங்கும். படுக்க வெச்சா அஞ்சுல ஒரு பங்குகூடத் தேறாது. புக்ல போட்டிருக்கு."

காதர் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நட்டமா வெச்சா உருண்டுக்கும். ஏழு வருசமா இப்டித்தான் தூக்கிகினு கீறேன்."

இன்ஜினுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "யாரு பாய் அது?"

"ஒண்ணுமில்ல தேசிங்கு. தண்ணி குடிக்க வந்த பையன், சானலுக்கு வைத்தியம் சொல்றான்."

தேசிங்கு படகுக்குச் சொந்தக்காரர். கூலி ஆளுக்குக் காத்திருக்காமல் தானே உள்ளே புகுந்திருக்கிறார். தடை முடியும் அன்றைக்கு முதல் ஆளாகக் கடலில் இறங்க வேண்டும் என்ற அவசரம்.

"காலேஜா?" என்றார் பாய்.

"ஆமா. இன்னிக்கு இதே கேள்விதான் கேட்டாங்க." கேள்வித்தாளை எடுத்து நீட்டினேன்.

"கரீட்டா எழுதினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். வாயில் வரவில்லை. "எழுதல பாய். பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். மூணாவது வாட்டி."

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம். இரண்டு கால்களும் சேர்ந்து குலுங்கின. "ஃபெயிலானவன் பேச்சக் கேட்டுகினு இன்ஜின எறக்கறதா? போடா தம்பி, வூட்டுக்குப் போ."

ஸ்கேலை எடுத்தேன். படுக்க வைத்து இரண்டு முனையையும் பிடித்து, பாயை விரலால் நடுவில் அழுத்தச் சொன்னேன். வளைந்தது. நட்டமாகத் திருப்பிப் பிடித்தேன். அழுத்தினார். அசையவில்லை. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

பாய் ஸ்கேலைப் பிடுங்கினார். இரண்டு ஸ்பேனர்களுக்கு மேல் நட்டமாக நிறுத்தி, மேலிருந்து ஒரு அழுத்து அழுத்தினார். ஸ்கேல் பக்கவாட்டில் கவிழ்ந்து, துள்ளிப்போய்ப் பானையருகே விழுந்தது.

"பாத்தியா? நீ ரெண்டு பக்கமும் புடிச்சிகினு இருந்தே. அங்க மேல யாரு நைனா குந்திகினு புடிப்பா?"

அவர் சொன்னதும் சரிதான். எங்கள் புத்தகத்தில் பீம் – இப்படிக் குறுக்கே போடும் சட்டம் – உருளவே உருளாது. அது உருளாது என்று எழுதிவிட்டுத்தான் கணக்கையே ஆரம்பிப்பார்கள்.

"சரி பாய். இன்ஜினுக்குக் கீழ முட்டுக் கட்டையாவது வைங்க."

"கட்ட வெச்சா சம்ப் எப்டி எறங்கும்?"

ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "ஏழு வருசமா தூக்கினதெல்லாம் இந்த மாதிரி இன்ஜினா பாய்?"

"அதெல்லாம் சின்னது. இது ஆறு சிலிண்டர். இந்த வாரந்தான் மொதோ..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். இருவரும் மேலே பார்த்தோம்.

அப்போதுதான் அடியிலிருந்து தேசிங்கு துப்பும் சத்தம் கேட்டது. "இன்னா பாய், மேலேர்ந்து தூசு கொட்டிகினே கீது. கண்ணெல்லாம் கலீஜு."

தூசு.

காலேஜ் லேபில் ஒரு இழுவை மெஷின் உண்டு. துருப்பிடித்த கம்பியை மாட்டி இழுப்பார்கள். நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காது. கம்பி தாங்காமல் இளகுவதற்குச் சற்று முன்னால், மேலே இருக்கும் துரு செதில் செதிலாக உதிரும். லேபில் நான் கவனித்துப் பார்த்த ஒரே விஷயம் அதுதான். ரெக்கார்ட் நோட்டில்கூட எழுதவில்லை.

சானலின் கீழ் விளிம்பிலிருந்து செம்மண் நிறத்தில் மெல்லிய செதில்கள் இறங்கிக்கொண்டிருந்தன. காற்றே இல்லை. நேராக இறங்கின.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். குனிந்து இரண்டு கணுக்கால்களையும் பிடித்து இழுத்தேன். லுங்கி ஏறியது, முதுகு தரையில் தேய்ந்தது, வசவு வந்தது. ஒரு உதை என் தாடையில் விழுந்தது. விடவில்லை. தலை வெளியே வந்ததும் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். அடுத்த கையை ஓங்கினார்.

"தேசிங்கு, கம்முனு இரு." பாயின் குரல் மாறியிருந்தது. "எறக்கறேன். யாரும் கிட்ட வராத."

சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விட்டார். கடகட... நிறுத்தம். கடகட... நிறுத்தம். ஒவ்வொரு கடகடவுக்கும் தொப்பை கொஞ்சம் பெரிதானது. எங்கள் மூவரின் மூச்சும் அந்தச் சங்கிலியோடுதான் போய் வந்தது. இன்ஜின் முழங்கால் உயரத்துக்கு வந்தபோது சானலின் ஒரு முனை தூணை விட்டு நழுவியது.

சத்தம் பெரிதில்லை. தொம் என்று ஒன்று, பிறகு செங்கல் சரியும் ஓசை. பாய் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டிருந்தார். புழுதி அடங்கிப் பார்த்தால், சாக்கு விரித்திருந்த இடத்தில் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. சம்ப் விரிசல் விட்டு, கறுப்பு எண்ணெய் சாக்கில் பரவிக்கொண்டிருந்தது. சாக்கின் தலைப் பக்கம் இன்ஜினுக்கு அடியில் போயிருந்தது.

பரீட்சையில் தப்பாகப் போட்டால் பதினாறு மார்க் போகும். அவ்வளவுதான். கேள்வித்தாளில் பீமுக்கு அடியில் யாரும் படுத்திருப்பதில்லையே.

தேசிங்கு பீடி பற்ற வைக்கப் பார்த்தார். தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. நான்காவதை நான் உரசிக் கொடுத்தேன்.

"இன்னா படிக்கிறே தம்பி?"

"படிக்கலண்ணா. வுட்டுட்டேன்."

"எப்போ?"

"காலைல."

அவர் சிரிக்கவில்லை. காதர் பாய் வளைந்த சானலைக் காலால் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "காலைல ஏழு மணிக்கு வா."

அன்று வீட்டுக்குப் போனேன். அப்பா கேட்டார். சொன்னேன். அது வேறு வலி. விடுங்கள்.

காலையில் போனபோது சரிந்த செங்கல் தூணுக்குப் பதில் ஒரு இரும்புத் தூண் நின்றிருந்தது. வேறொரு சானல். நட்டமாக நின்றது. உருண்டுவிடாதபடி இரண்டு முனைகளிலும் மரக்கட்டை ஆப்பு அடித்து, போல்ட் போட்டு இறுக்கியிருந்தார் பாய். நான் சொன்னதில் பாதி, அவர் சொன்னதில் பாதி. இன்ஜின் மறுபடி இடுப்பு உயரத்தில் தொங்கியது. கீழே புதுச் சாக்கு.

தேசிங்கு சாக்கைப் பார்த்தார். சானலைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

பாய் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "கணக்கு சொன்னவன் யாரு?"

"நான்தான் பாய்."

"அப்போ நீயே பூந்துக்கோ. தெனக்கூலி, மத்தியானம் சோறு. இஷ்டம்னா பாரு."

என் வாழ்க்கையில் முதல் வேலை. அப்ளிகேஷன் இல்லை, இன்டர்வியூ இல்லை. சாக்கில் மல்லாந்து, கண்ணை சானலின் கீழ் விளிம்பிலேயே வைத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தேன். ஒரு நிமிடம் அப்படியே கிடந்தேன். முகத்தில் எதுவும் விழவில்லை. முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.