மீரான் நானா கடையின் துணிச் சிறுமி

வியாழக்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்பே என் பழைய மாணவி தெய்வானை பள்ளி வாசலில் நின்றிருந்தாள். மகளைக் கொண்டுவந்து விட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டும் அவள் போகவில்லை.

"டீச்சர், மீரான் நானா விடியக்காலையில தவறிட்டாங்க. கடை பூட்டியிருக்கு. கடை முன்னால அஞ்சடி நடையில ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள்.

அன்று மாலை நாங்கள் இருவரும் எதிர்வரிசைக் கடையோரம் நின்றோம். ஜனாஸாவை ஏற்கெனவே அடக்கத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். எங்களைப் போலவே வேறு சில பெண்களும் அந்த மூடிய கதவுகளைப் பார்த்தபடி நின்றார்கள். சிராங்கூன் சாலையில் குழந்தைகளுக்கு உள்ளாடையும் காலுறையும் வாங்கிய தாய்மார்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் நம் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியது எத்தனை முறை என்று யோசித்தால், யாராலும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

அவர் நாகூர்ப் பக்கத்துக்காரர். துணி வியாபாரத்துக்கென்று கப்பலேறி வந்தவர். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளும் படிக்கத் தொடங்கியபோது, பள்ளிகள் கேட்ட கவுனும் கறுப்புக் காலுறையும் அவர் கடைக்கு வந்தன. அவற்றோடு உள்ளே போடும் சாமான்களும் வந்தன. அவற்றின் பெயரைச் சொல்லத்தான் நானாவுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. பாடி என்ற பருத்தி உள்சட்டையை "உள்ளுக்குப் போடறது" என்பார். காலுறை நழுவாமல் மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் பட்டிக்குத் "தொங்கட்டான்" என்று அவரே பெயர் வைத்திருந்தார்.

முதலில் அவர் விற்றது தொடையைச் சுற்றிப் போடும் ரப்பர் வளையம். மாலையில் காலுறையைக் கழற்றினால் பிள்ளைகளின் காலில் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். ரத்த ஓட்டத்துக்கு அது கெடுதல் என்று சீமைப் பத்திரிகைகளில் டாக்டர்கள் எழுதினார்கள். பிறகு வந்ததுதான் பட்டி. மேல்நுனியில் பாடியின் பொத்தானில் மாட்டும் கண், கீழ்நுனியில் காலுறையைக் கவ்வும் பளபளப்பான கொக்கி. பாரம் முழுவதும் தோளில் இறங்கும், காலை எதுவும் இறுக்காது. ஆனால் பட்டியின் ரப்பர் இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மாதம்கூடத் தாங்காமல் பிசுபிசுத்துப் போகும்.

"ரப்பர் மரம் ஜோகூர்ல. பால் எடுக்குறது நம்ம ஆளு. சீமைக்குப் போயி பட்டியாத் திரும்பி வந்தா, தொரைக்கு நம்ம வெயில் ஒத்துக்க மாட்டேங்குது!" என்று பட்டியைப் பார்த்து நொந்துகொள்வார். அதனால் ரப்பரை வெட்டியெடுத்துவிட்டு நெசவு நாடா வைத்துத் தைத்துக் கொடுப்பார்.

நான் சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவிடம் திரும்பி வந்து, இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. எருமைக் கொட்டில் வைத்திருந்த பால்காரர் வீட்டுப் பெண் தெய்வானை, ஆறு வயது, என் வகுப்பில் இருந்தாள். ஒருநாள் உடற்பயிற்சியின்போது குனிய மாட்டாமல் அழுதாள். தையல் அறைக்கு அழைத்துப் போய்ப் பார்த்தேன். புதுப் பட்டிகள் நான்கும் அவள் இடுப்பில் கிடந்த கறுப்பு அரைஞாண் கயிற்றில் மாட்டப்பட்டிருந்தன. காலுறைகளின் இழுப்பில் கயிறு இடுப்பெலும்பின் மேல் தோலை அறுத்திருந்தது.

நான் கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினேன். அவ்வளவுதான். புண்ணைத் துடைத்து மருந்து வைத்தேன். கயிற்றில் கோத்திருந்த சிறிய வெள்ளித் தாயத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டாள். வலி போய்விட்டது, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அவள் அம்மா பாக்கியம் வந்தாள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வர மறுத்து, அங்கிருந்தே கேட்டாள்:

"அரைஞாண எப்ப அறுப்பாங்கன்னு தெரியுமா டீச்சர்? பொணத்துக்குத்தான் அறுப்பாங்க. மூணு புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு இத ஒண்ணப் புடிச்சு வச்சிருக்கேன். உசுரோட இருக்கற புள்ளைக்கு அறுத்துட்டீங்களே!"

"புண்ணாகிப் போச்சுது, அதுதான் வெட்டினன்" என்றேன்.

"புண்ணு ஆறிடும். உங்க படிப்பு வேணாம், ஆளை விடுங்க."

அவள் அங்கிருந்து நேராக நானாவின் கடைக்குப் போய், பட்டிகளை மேசைமேல் வீசிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் பள்ளி விட்டதும் நானா வாசலில் குடையோடு நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் குடைக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பு என் மேல டீச்சரம்மா."

"வெட்டினது நான், நானா."

"வெட்டுனது நீங்க. வித்தது நான். இத எதுல மாட்டணும்னு அந்தம்மா கேட்டுச்சு. பொம்பள ஆளுகிட்ட பாடியப் பத்தி எப்படிப் பேசறது? 'உள்ளுக்கு மாட்டிக்கம்மா'ன்னுட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். நம்ம புள்ளைக்கு உள்ளுக்கு வேற என்ன இருக்கும்? அரைஞாண்தான் இருக்கும். அதுல மாட்டிருச்சு." சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தார். "வாங்க, போவோம். நீங்க கட்டணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். கயிறு கட்டுறது எங்களுக்கு ஏலாது. நீங்களே குடுங்கோவன்."

"சாமிக்கா கட்டச் சொல்றேன்? எனக்கும் எங்க உம்மா கட்டித்தான் விட்டாங்க. அறுத்த கை கட்டுனாத்தான் அந்தத் தாய்க்கு மனசு ஆறும்லா."

படித்தவள் என்ற எண்ணம் என்னிடம் அப்போது நிறைய இருந்தது. புண்ணைக் கண்டேன், காரணத்தை அகற்றினேன், இதில் நான் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் அதுவரை எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். ஆனால் கயிறு அறுந்ததும் அழுகை நின்ற அந்த முகம் நினைவுக்கு வந்தது. அது வலி போன முகம் அல்ல, பயந்த முகம். இழுப்பறையிலிருந்து தாயத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

கொட்டிலைத் தாண்டிப் பின்புறம் அவர்கள் வீடு. நானா உள்ளே வரவில்லை. கையிலிருந்த பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி, எருமைகளைப் பார்த்து நின்றுகொண்டார். பொட்டலத்தில் ஒரு புதிய பாடி இருந்தது.

பாக்கியம் என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் தாயத்தையும் கயிற்றையும் நீட்டினேன். "கேட்காமல் வெட்டிப்போட்டன். பிழைதான்" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு தெய்வானையின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

நான் தாயத்தைக் கோத்துக் கயிற்றைச் சுற்றினேன். முடிச்சை இழுத்து இறுக்கப் போனேன். வெளியிலிருந்து நானாவின் குரல் வந்தது: "தளத்தியாக் கட்டுங்க டீச்சரம்மா. புள்ள வளரும்."

"திரும்பிப் பாக்காமயே எப்படி நானா தெரியுது?" என்றாள் பாக்கியம். அவள் குரலில் முதல்முறையாக இறுக்கம் குறைந்திருந்தது.

"கட்டற ஆளத் தெரியும்லா. எதையும் இறுக்கமாத்தான் கட்டுவாங்க."

பிறகு பாடியை மாட்டினோம். அவர் எருமைகளைப் பார்த்தபடியே சொல்லிக்கொடுத்தார். "தோள்ல ஏறிருச்சா? முன்னுக்கு ரெண்டு பொத்தான் இருக்கும். பக்கத்துக்கு ஒண்ணொண்ணு. தொங்கட்டான அதுல மாட்டணும்."

தெய்வானை வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். "நானா, எருமைக்கா சட்டை போட்டு விடறீங்க?"

பாக்கியம் சிரித்துவிட்டாள். "ஆமாடி, எரும சீமைக்குப் படிக்கப் போவுதாம்" என்றாள். திங்கட்கிழமை குழந்தையை அனுப்பி வைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தத் துணிச் சிறுமி கடையில் நின்றது. நிமிர்த்திய துணிச்சுருள் ஒன்றுக்கு நானா பாடி போட்டு, நான்கு பட்டி மாட்டி, பஞ்சடைத்த காலுறைகளைத் தொங்கவிட்டிருந்தார். யார் கேட்டாலும் "அதப் பாருங்கம்மா" என்று விரலைக் காட்டிவிட்டுக் கூரையைப் பார்ப்பார். நம் பெண்கள் அதற்கு "நானா வீட்டுப் பொண்ணு" என்று பெயர் வைத்தார்கள். "பொண்ணுக்கு எப்ப நானா கல்யாணம்?" என்று கேட்காதவர்கள் உண்டா? "படிச்சு முடிக்கட்டும்" என்பார்.

ஒவ்வொரு புதுச் சாமானையும் அவளுக்குத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார். யுத்தத்தில் ஜெர்மன் கொக்கிகள் நின்றுபோனபோது, அவள் காலுறைகளை நாடாவும் சட்டைப் பொத்தானும் பிடித்துக்கொண்டிருந்தன. பின்னர் பின்னல் துணிப் பாடி வந்தது, இந்த ஊருக்கு அது அடுப்பு. "பொண்ணுக்கு வேர்க்குது" என்று இரண்டே நாளில் கழற்றிவிட்டார். சென்ற வருடம் கணுக்காலோடு நிற்கும் குட்டைக் காலுறை வந்ததும் அவளுக்கு அதைப் போட்டுவிட்டு, "இனிமே தொங்கட்டானுக்கு வேலையில்ல. புள்ளைங்க ஓடட்டும்" என்று சொன்னார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

எங்கள் பள்ளியில் மட்டும் நீளக் காலுறை இன்னும் போகவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை தெய்வானையின் மகளுக்குப் பட்டி கழன்றுவிட்டது. தையல் அறைக்கு அழைத்துப் போய்ப் பாடியைச் சரி செய்தேன். உள்ளே கறுப்புக் கயிறு, அதில் அதே வெள்ளித் தாயத்து.

"இது யார் கட்டினது?" என்று கேட்டேன்.

"அம்மா. தொடாதீங்க டீச்சர்."

"தொடேல்லை" என்றேன். பட்டியின் நீளத்தை ஒரு விரல் கூட்டி, பொத்தானைத் தளர்வாக மாட்டிவிட்டு, அவளை வகுப்புக்கு அனுப்பினேன்.