எட்டு போல்ட்டுக்கு யார் பொறுப்பு

நான் எழுதியவற்றில் அதிகம் பேர் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான். அதை எழுதும்போது எனக்கு இருபத்தாறு வயது. வண்டிகளுக்கு எஃப்.சி. கொடுக்கும் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. எஃப்.சி. என்றால் இந்த வண்டி ரோட்டில் ஓட லாயக்கானது என்று சர்க்கார் சொல்லும் காகிதம். எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். என் வாய்க்குப் பயந்து யாரும் என்னை டீ வாங்கிவரச் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. வாய் இருக்கிற அளவுக்கு மூளையும் இருக்கிறது என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஜவ்வாது மலையில் ஒரு விவசாயிகள் சங்கம் சொந்தமாக வண்டி வாங்கியது. அப்போது மேலே போகும் பஸ்ஸை விரல்விட்டு எண்ணிவிடலாம்; மழை வந்தால் அதுவும் கிடையாது. சாமையும் புளியும் கடுக்காயும் மூட்டை மூட்டையாக இறங்க வேண்டும், அதோடு மனிதர்களும் இறங்க வேண்டும். அடிச்சட்டமான சேஸிஸும் முன்னால் உள்ள கேபினும் ஒரு கம்பெனியுடையவை. ஆட்கள் உட்காரும் பின்பக்கத்து பாடியைக் கட்டியது வாணியம்பாடியில் ஒரு பாய் நடத்திய பட்டறை. மலை இறக்கத்துக்கென்று கூடுதலாகப் பிரேக் மாட்டியவர் செங்கத்து மெக்கானிக். மூன்று கை பட்ட வண்டி.

வண்டிகளைச் சோதித்து எஃப்.சி. கொடுக்கும் அதிகாரியை எங்கள் பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். எங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து, "மொத்த வண்டிக்கும் நான் பொறுப்புன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் குடுங்க. அப்பறம் நான் கையெழுத்துப் போட்றேன்" என்றார். அந்த ஒருத்தரைத் தேடி மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் கூட்டத்தில் சேஸிஸ் கம்பெனியின் ஏஜெண்ட், இஸ்திரி கலையாத சட்டையோடு, "எங்க சேஸிஸ்ல யாராவது ஒரு ஓட்டை போட்டா அன்னியோட எங்க பொறுப்பு முடிஞ்சுது சார்" என்றார்.

"ஓட்டை போடக்கூடாதுன்னா பாடிய இன்னாத்தால நிறுத்தறது?" என்றார் பாய். "கோந்து தடவி ஒட்டட்டுமா சார்?"

செங்கத்து மெக்கானிக், "என்னை பிரேக்கப் பத்தி மட்டும் கேளுங்க" என்றார். மூன்று கூட்டத்திலும் அவர் பேசியது அந்த ஒரு வரிதான். கெட்டிக்காரர்.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு வழி பிறந்தது. ஓட்டை வேண்டாம், யு வடிவ போல்ட்டு எட்டு போட்டு, பாடியையும் சேஸிஸையும் சேர்த்துக் கவ்விப் பிடித்துவிடலாம். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் போல்ட்டை யார் கொடுப்பது என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் தலைகள் நின்றுவிட்டன. ஏஜெண்ட் தன் கம்பெனி பட்டியலில் அது இல்லை என்றார். பாய் தன் கொட்டேஷனில் அது இல்லை என்றார். கடைசியில் சங்கமே ஒரு பழைய இரும்புக் கடையில் எட்டு போல்ட்டு வாங்கிவந்தது. அது என்ன இரும்பு, எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவன் பொறுப்பாகிவிடுவான் என்ற பயம்.

இந்த மூன்று கூட்டத்துக்கும் வண்டியின் டிரைவர் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். அவர் ஊர்ப்பக்கத்தில் கனரக லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள். எஃப்.சி. வந்தால்தான் அவருக்கு வேலை. கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அப்போது அவரை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு ‘அவர்’ என்று எழுதுவதால் ஒன்றும் சரியாகிவிடாது.

மூன்றாவது கூட்டம் மத்தியானம் வரை இழுத்தது. அவரவர் செய்த பாகத்துக்கு அவரவர் பொறுப்பு என்று எழுதித் தர மூவரும் ஒப்புக்கொண்டார்கள். "சரி, நடுவுல இருக்கற எட்டு போல்ட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர். பாய் தாடியைத் தடவினார். ஏஜெண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கோ பசி. அதோடு, இத்தனை ஆண்பிள்ளைகள் கூடி ஒரு வரியை முடிக்கத் தெரியாமல் முழிக்கிறார்களே என்ற இளக்காரம்.

"தெனமும் வண்டியப் பாக்கறது டிரைவர்தானே சார்? போல்ட்டுக்கு அவன் எழுதிக் குடுக்கட்டுமே" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. மெஷினில் தாளைச் சொருகி நானே அடித்தேன்: ‘மேற்படி பாகங்களை இணைக்கும் போல்ட்டுகளைத் தினசரி சரிபார்த்து இறுக்கமாக வைத்திருப்பதற்கு ஓட்டுநரே முழுப் பொறுப்பு.’

பாய் பெருமூச்சு விட்டார். ஏஜெண்ட் அந்த மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "இன்னாம்மா, உன்னை வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிரைவர் என் மேஜைக்கு வந்து, அந்த வரியைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்படின்னா கடைசி முடிச்சு என்னுதுன்னு சொல்றீங்க. அதானேங்கம்மா?"

"அது இன்னா கடைசி முடிச்சு?"

அவர் ஊர் வழக்கத்தைச் சொன்னார். அங்கே ஒரு வீடு கட்டினால் ஊரே சேர்ந்து கட்டும். மண் ஒருவர், மரம் ஒருவர், புல் ஒருவர். கூரை உச்சியில் கடைசி முடிச்சை ஒரே ஒருத்தன்தான் போடுவான். வீட்டுக்கு அவன்தான் ஜவாப்தாரி. கூரை விழுந்தால் யார் தப்பு என்று விசாரிக்க மாட்டார்கள். முடிச்சுப் போட்டவன் அதற்கப்புறம் எந்தக் கூரைக்குக் கீழேயும் படுக்க மாட்டான். வேறு ஒருத்தன் நாலு பேர் முன்னால் வந்து, ‘அந்த முடிச்சு என்னுது’ என்று தானாகச் சொன்னால்தான் அவன் வீட்டுக்குள் போகலாம்.

"அந்த மாதிரி யாராவது வந்து சொன்னாங்களா?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சி இல்லீங்க" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தோம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்து, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். தனக்கு ஒரு மரியாதை கிடைத்தது என்றுதான் அவர் நினைத்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அடுத்த வாரம் எனக்கு ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்து கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வரி ஆபீஸில் நிலைத்துவிட்டது. பல பட்டறை சேர்ந்து செய்த வண்டி எது வந்தாலும், "அம்மாவோட வரியப் போடு" என்பார்கள். தனித்தனியாக அடிக்க அலுப்பாக இருந்ததால் பிரதி எடுக்கும் ஸ்டென்சிலில் வெட்டி வைத்தேன். எத்தனையோ டிரைவர்கள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே போனதும் மறந்துபோனார்கள். மறக்காதவர் அந்த மலை டிரைவர் ஒருவர்தான். தினமும் விடிந்ததும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து எட்டு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு முடுக்குவாராம். ஒரு நாளும் தவறியதில்லையாம்.

ஒரு வருஷத்துக்குமேல் வண்டி ஓடியது. பிறகு ஒரு புளி சீசனில் அது நடந்தது. தகவல் வந்ததும் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் கிளம்பினார். குறிப்பெடுக்க என்னையும் ஏறச் சொன்னார். கணியம்பாடி தாண்டி, அமிர்தி காட்டு வழியாக மேலே ஏறினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றிருந்தது. நின்றிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கேபின் நேராக, கீறல்கூட இல்லாமல் ரோட்டில் இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு வெறும் இரும்புச் சட்டங்கள். பாடி மட்டும் தனியாக வழுக்கிக்கொண்டு பள்ளத்தில் போய் உண்ணிச்செடிப் புதரில் கவிழ்ந்து கிடந்தது. ரோட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் புளி சிந்தியிருந்தது. இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். இரண்டு பேரும் டிரைவருடைய ஊர்.

அவர் முன்சக்கரத்தில் சாய்ந்து குந்தியிருந்தார். மடியில் ஸ்பேனர். எங்களைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்து நின்றார். எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இன்ஸ்பெக்டர் கழன்று விழுந்த போல்ட்டு ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினார். திருகு மரை இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. "மட்ட இரும்பு. இவன் தெனம் தெனம் முடுக்கி முடுக்கியே மரைய முழுங்கிட்டான்" என்றார். டிரைவர் காதில் விழும்படிதான் சொன்னார். ஒழுங்காகப் பார்க்காத டிரைவராக இருந்திருந்தால் அந்தப் போல்ட்டு இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். என் வரியை ஒருத்தன் எழுத்துப் பிசகாமல் செய்தால் இதுதான் ஆகும் என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. குறிப்புநோட்டில் வெறுமனே ‘மரை தேய்மானம்’ என்று எழுதினேன்.

வழக்கு நடந்தது. ஏஜெண்ட் தன் கடிதத்தை நீட்டினார், பாய் தன் கடிதத்தை நீட்டினார், மெக்கானிக் பிரேக்கைப் பற்றி மட்டும் பேசினார். மாஜிஸ்திரேட் என் வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, இது எந்தச் சட்டத்தில், எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார். எதிலும் இல்லை. ஆபீஸில் யாரோ தங்கள் சௌகரியத்துக்கு எழுதிய வாசகம், செல்லாது என்று ஒதுக்கிவிட்டார். அந்த ‘யாரோ’ கடைசி பெஞ்சில் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் மேலும் குற்றம் நிற்கவில்லை. டிரைவரும் விடுதலை. எல்லாரும் தப்பித்தோம் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த வருஷம் மலைமேலேயே வண்டிகளைச் சோதிக்க ஒரு முகாம் போட்டார்கள். புதிதாக வந்த இன்ஸ்பெக்டரோடு நானும் போனேன். திரும்பி இறங்க அந்தச் சங்கத்து வண்டியிலேயே இடம் கொடுத்தார்கள். அதே சேஸிஸ், புதிய பாடி, புதிய டிரைவர். வழியில் ஓர் ஊரில் மூட்டை ஏற்ற நின்றது. ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு கோரைப்பாயும் கம்பளியும் சட்டியும் இருந்தன. பக்கத்தில் பழைய டிரைவர் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இளைத்துவிட்டார். மார்கழிக் குளிரில் இருமிக்கொண்டிருந்தார்.

நான் இறங்கிப் போனேன். அவர் பெண்சாதி கஞ்சி கொண்டுவந்திருந்தாள். எதிரே பத்தடியில் அவர்கள் வீடு.

"கோர்ட்டு வுட்டுச்சுங்க, இவரு வுடமாட்டேங்கறாரு" என்றாள் அவள். "மழையில கூட உள்ள வர்றதில்ல."

"அந்தக் காகிதம் செல்லாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சேப்பா" என்றேன் அவரிடம்.

"காயிதம் செல்லாதுங்கம்மா. போல்ட்டு முடுக்கனது நான்தானே?"

மூட்டை ஏற்ற வந்தவர்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். அவள் என்னையே பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனால் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டாள்: "அம்மா, அந்த வரிய முதல்ல சொன்னது யாருங்க?"

நாலு பேருக்கு மேலேயே நின்றிருந்தார்கள். அந்த முடிச்சு என்னுது என்று நான் சொன்னால் போதும். அன்று ராத்திரி அவர் வீட்டுக்குள் படுப்பார். நான் மரத்தடியில் படுக்க வேண்டியதில்லை, வண்டியேறிப் போய்விடலாம். எனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. புதிய இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்தார், பிரமோஷன் லிஸ்டில் என் பெயர் இருந்தது என்றெல்லாம் பிற்பாடு காரணம் தேடிக்கொண்டேன். எல்லாம் பொய். அந்த மனிதர்களுக்கு முன்னால், நான் ஒரு நாளும் உட்காரச் சொல்லாதவருக்கு முன்னால், தலை குனிய எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

"ஆபீஸ்ல போட்டதும்மா" என்றேன்.

"அம்மாவ ஏன் கேக்கற? அவங்க எனக்குப் படிச்சிதான் காட்டனாங்க" என்று அவர் அவளை அடக்கினார். அன்றைக்கு அந்த அறையில் கதவோரம் நின்றிருந்தவர் அவர். வாக்கியம் யார் வாயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. என் முகத்தைப் பார்க்காமல், கம்பளியை உதறி வைத்துவிட்டு எழுந்தார்.

புதிய டிரைவர் ஹாரன் அடித்தான். "கொஞ்சம் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வண்டிக்கு அடியில் தவழ்ந்து போனார். அந்த ஊரில் வண்டி நிற்கும்போதெல்லாம் இப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். புழுதியில் மல்லாந்து ஒவ்வொரு போல்ட்டாக நகர்வது வெளியே தெரிந்த அவர் காலிலிருந்து தெரிந்தது. இருமல் வந்தபோது மட்டும் கால் நின்றது. வெளியே வந்தபோது கையில் ஸ்பேனர் இல்லை.

"முடுக்கறதில்லீங்க. தொட்டுப் பாக்கறதோட சரி" என்றார். "தைரியமா போங்கம்மா."

நான் ஏறி, கூரைக்குக் கீழே, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன்.