மீட்டர் வைக்காமல் போட்ட கையெழுத்து

குழிக்குள் இறங்க அனுமதி தரும் பெர்மிட்டில் ‘கேஸ் டெஸ்ட்’ என்ற கட்டத்தில் ‘கேஸ் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். கேஸ் அளக்கும் மீட்டரைக் குழியில் இறக்கிப் பார்க்காமல், கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தபடியே எழுதினேன். இருபது வருடத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்தவன் செய்த காரியம் அது.

ஆரணிக்கு வெளியே, செய்யாறு போகும் ரோட்டில் எங்கள் பயோகேஸ் பிளாண்ட். ரைஸ் மில் கழிவுநீரும் சாணமும் மூடிய டேங்கில் புளித்து மீத்தேன் வரும். அதில் என்ஜின் ஓட்டி கரண்ட் எடுப்போம். கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் வரும். மீத்தேன் வெடிக்கும். சல்பைடு விஷம்.

அன்று காலை கழிவுக் குழியில் பம்ப் அடைத்துக்கொண்டது. மேனேஜர் போனில், “ஜல்தி முடிங்க, என்ஜின் நின்னா பேஜாராயிடும்” என்றார். ஃபிட்டர் ஜோசப் பெர்மிட்டை நீட்டினார். போட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. “சார்! மாமா உள்ள வுழுந்துட்டாரு!” என்று எலக்ட்ரீஷியன் டேனியல் கத்தினான். ஜோசப்பின் மனைவிக்குத் தம்பி அவன். நான் ஓடிப் போனபோது ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தான். பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

“வுடுங்க சார்! செத்துகினு இருக்காரு!”

“நீ எறங்குனா நீயும் வுழுவே. அப்புறம் ரெண்டு பேரைத் தூக்கணும்.”

“நாத்தமே இல்லியே சார்!”

சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், ஒன்றுமே தெரியாது.

அதற்குள் டேனியல், குழிக்குள் காற்றடிக்க அங்கே கிடந்த சாதாரண ஃபேனை பிளக்கில் சொருகப் போனான்.

“தொடாதே!” என்று அலறினேன். “ஒரு பொறி பட்டா குழியே வெடிச்சிடும். ஸ்டோர்ல இருக்கிற ஸ்பார்க் வராத ப்ளோவரைக் கொண்டா. பிளக்கை தூரத்துல சொருவு.”

அவன் ப்ளோவரை ஓடவிட்டான். நான் காற்று சிலிண்டரை முதுகில் மாட்டி, மாஸ்க்கை இறுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பக்கிள் நழுவிக்கொண்டே இருந்தது. கீழே ஜோசப் மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. கயிறு கட்டி இறங்கினேன். அவர் மார்பைச் சுற்றி இன்னொரு கயிற்றைக் கட்டினேன். டேனியலும் ஒரு லாரி டிரைவரும் மேலே இழுத்தார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் ஜோசப் கண் விழித்தார். வார்டு வாசலில் அவர் மனைவி மேரி என்னைப் பார்த்துக் கேட்டார்: “அவரு உள்ள கெடக்கறப்ப நீங்க மாஸ்க் மாட்டிகினு இருந்தீங்களாமே அண்ணா?”

“அது தப்பில்லம்மா. தப்பு அதுக்கு முன்னாடியே பண்ணிட்டேன்” என்று கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். மேரி உள்ளே போய்விட்டார். விசாரணையிலும் அதையேதான் சொன்னேன். என் ஷிப்ட் இன்சார்ஜ் பொறுப்பு போயிற்று.

ஜோசப் பிழைத்தார். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை; ஸ்பேனர் பிடிக்க முடியாமல் ஸ்டோருக்கு மாறினார். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “மீட்டர் வெக்கலன்னு உங்களுக்குத் தெரியுமே. ஏன் எறங்குனீங்க?”

“நீங்க எழுதியிருந்தீங்களே சார்” என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிளாண்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குங்கள். ரீடிங்கை உங்கள் கண்ணால் பாருங்கள். அதுவரை பேனாவைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதுவதை நம்பித்தான் ஒருவர் உள்ளே இறங்குகிறார்.