எரிச்சலுக்குச் சந்தன எண்ணெய் தேடி மைசூருக்கு

போன மாசியில் நான் மைசூருக்குப் போனது அரண்மனை பார்க்க அல்ல. என் மனைவி பழனியம்மாளுக்கு ஒரு மாதமாக நீர்க்கடுப்பு. எங்கள் கொள்ளேகாலத்தில் எந்த நோயானாலும் 'சூடு' என்றுதான் சொல்வோம். இளநீருக்கும் வெந்தயத்துக்கும் அடங்காவிட்டால் பாலில் சந்தன எண்ணெய். கலப்படமில்லாதது மைசூரில்தான் கிடைக்கும் என்றார் வைத்தியர்.

"நீயும் வா, ஆஸ்பத்திரியில காட்டலாம்" என்றேன்.

"ஆம்பள டாக்டருகிட்ட இதையெல்லாம் எப்படிங்க சொல்றது? எண்ணெய வாங்கியாங்க, போதும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலை ஆறு மணிக்கு பஸ். நரசீபுரம் வழியாக நாற்பது மைலுக்குள்தான், கட்டணம் பன்னிரண்டணா. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் யுத்த காலத்துக் கரிவண்டி, ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். போய்ச் சேரப் பதினொன்றாகிவிட்டது.

மார்க்கெட் அருகே மருந்துக்கடை வைத்திருந்த ஐயங்கார் தமிழ் பேசினார். சொறிக்குத் தேங்காயெண்ணெயில் கலந்து தடவலாம், நீர் எரிச்சலுக்குச் சர்க்கரையில் சில சொட்டு என்று சொல்லிக்கொண்டே புட்டியை எடுத்தவர், "மூஞ்சி வீங்கறதோ?" என்று கேட்டார்.

"காலையில கண்ணெல்லாம் வீங்குதுங்க."

புட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "அப்போ இதைக் குடுக்கப்படாது. எரிச்சல் அடங்கும், உள்ளே கிட்னி கெட்டுண்டே போகும். அவாளை உடனே அழைச்சிண்டு வாங்கோ. பொம்மனாட்டிகளைப் பார்க்கன்னே இங்கே லேடி டாக்டர் இருக்கா."

எண்ணெய் வாங்காமலே கடையை விட்டு இறங்கினேன். மாதம் தவறாமல் மைசூருக்கு வந்துபோகிற ஆண்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர்! ஒருவனாவது வீட்டில் லேடி டாக்டரைப் பற்றிச் சொன்னானா? சினிமாக் கொட்டகையைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசுவான்கள்.

திரும்பும் வண்டி மூகூரில் படுத்துவிட்டது. வீடு சேர இருட்டிவிட்டது. அவள் முகம் இன்னும் ஊதியிருந்தது. வெறுங்கையைப் பார்த்து, "எண்ணெய் எங்கீங்க?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பொம்பள டாக்டருங்களா?" என்று எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப நாளைக்கே போலாமுங்க." பச்சைச் சேலையைத் தானே எடுத்து வைத்தாள்.

விடிவதற்குள் வலிப்பு வந்தது. பஸ் வரும்வரை அவள் உயிர் தங்கவில்லை. இந்த வீட்டில் இனி எனக்கு என்ன இருக்கிறது?

எண்ணெய் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சந்தன எண்ணெய் எரிச்சலைத் தணிக்கும், அவ்வளவுதான். முகம் வீங்கினால் தொடாதீர்கள். நோயாளியையும் பஸ்ஸில் ஏற்றுங்கள். வெட்கப்பட்டால், மைசூரில் லேடி டாக்டர் உண்டென்று சொல்லுங்கள். கேட்ட உடனே புறப்பட்டவள் என் மனைவி.