அஞ்சைத் தாண்டாத புராசஸர்

என் அத்தையின் கல்யாணம் முகூர்த்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. இன்னும் கடைக்கு வராத ஒரு கணினி புராசஸருக்காகக் காத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் இதைச் சொன்னால் இன்றும் யாரும் சிரிப்பதில்லை. அந்த மாதங்களில் எல்லாரும் அவ்வளவு கவலைப்பட்டிருந்தார்கள்.

அப்போது நாங்கள் கூலாயில் தாமான் என்று சொல்லும் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். அப்பா செடெனாக் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளர். அவருடைய தங்கை, என் அத்தை, செனாயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் ஏறி, சாயங்காலம் திரும்பி வந்து, குளித்துவிட்டு நடு அறையில் இருந்த கணினியின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்தக் கணினிக்கு ஒரு பக்கம் மூடியே கிடையாது. உள்ளே விசிறிகள் சுழல்வது அப்படியே தெரியும். அது போதாதென்று வீட்டிலிருந்த ஒரே நல்ல நிற்கும் விசிறியையும் அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பார். நாங்கள் வேர்த்து வடிந்துகொண்டிருப்போம். கணினி காற்று வாங்கிக்கொண்டிருக்கும்.

அத்தை செய்ததற்குப் பெயர் ஓவர்கிளாக். ஒரு புராசஸரை இந்த வேகத்தில் ஓட்டலாம் என்று அதைச் செய்தவர்கள் ஓர் எண்ணைச் சொல்லி விற்பார்கள். அத்தைக்கு அந்த எண்ணை அப்படியே விட்டுவைக்க மனசு வராது. வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவார். அதற்குத் தகுந்தபடி மின்சாரத்தையும் கொஞ்சம் ஏற்றுவார். சூடு ஏறும். பெரிய விசிறியாக மாட்டுவார். சூடு கூடினாலோ மின்சாரம் போதாவிட்டாலோ கணினி நின்றுபோகும். திட்டிக்கொண்டே கொஞ்சம் இறக்குவார். இப்படியே நாள் போகும்.

இரவெல்லாம் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாளே, எவனோடோ பேசுகிறாள் போல என்று அம்மாவுக்குச் சந்தேகம். ஒருநாள் அப்பாவை அனுப்பி எட்டிப் பார்க்கச் சொன்னார். அத்தை ஏதோ அயல்நாட்டு விவாதத் தளத்தில், அடுத்து வரப்போகும் புராசஸரைப் பற்றி முன்பின் தெரியாதவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா திரும்பி வந்து, "பையன் இல்ல. கட்டம் கட்டமா ஏதோ கோடு பார்த்துக்கிட்டு இருக்கா," என்றார். பையனாக இருந்தால் பேசி முடித்துவிடலாம், இதை என்ன செய்வது என்று இரண்டு பேரும் கூடுதலாகக் கவலைப்பட்டார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. எனக்கிருந்தது ஒரே கவலைதான். சனிக்கிழமை காலையில் அந்தக் கணினியில் கார்ப்பந்தயம் விளையாட அத்தை என்னை விடுவார். அத்தைக்குக் கல்யாணமானால் கணினியும் கூடவே போய்விடும். ஆகவே அந்த வீட்டில் அத்தையின் கல்யாணத்தை முழுமனதோடு எதிர்த்தவள் நான் ஒருத்திதான்.

பெண் பார்க்க பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை துறைமுக அலுவலகத்தில் வேலை. ஒல்லியாக, வழித்து வாரிய தலையோடு, பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் அவருடைய அம்மாதான். கேசரி நன்றாயிருக்கிறது என்றார், வீடு நல்ல காற்றோட்டம் என்றார் (விசிறி அன்று ஹாலுக்கு வந்திருந்தது), அதே மூச்சில், "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேணாம் லா. பெர்மாஸ்ல இருந்து செனாய் எவ்வளவு தூரம். நாங்க நல்லா பார்த்துக்குவோம்," என்றும் சொல்லிவிட்டார்.

அப்பா முறுக்குத் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தினார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெட்கம் என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். தரையைப் பார்த்தால் அத்தை கோபமாக இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

பிறகு வழக்கம்போல இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று நடு அறைக்கு அனுப்பினார்கள். முழுத் தனியாக விடக்கூடாது என்று துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். மாப்பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தை நாற்காலியில். அப்புறம் மாப்பிள்ளையின் கண் மூடியில்லாத கணினியின் மேல் விழுந்தது.

"எவ்வளவுல ஓடுது?" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"நாலு கிகாஹெர்ட்ஸ்."

"வெறும் விசிறியிலயா? அலமாக்!"

அத்தை தலையை நிமிர்த்தி அவரை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். அதோடு நின்றிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மாப்பிள்ளை, "அடுத்து வருதே, அது சும்மாவே அஞ்சைத் தாண்டிடும்," என்றார்.

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. வெளியூர்ல டெஸ்ட் பண்ணிப் போட்டிருக்காங்களே, பார்க்கலையா நீங்க?"

"அதெல்லாம் குளிர் நாட்டுல எடுத்த நம்பர். அவன் ஜன்னலைத் திறந்தா பனி வரும். நான் திறந்தா ஆலை வாடை வரும். இந்த ஊர் சூட்டுல நாலரை தாண்டினாலே பெருசு."

"நீங்க சும்மா பயப்படுறீங்க."

"நீங்க சும்மா நம்புறீங்க."

இப்படியே சத்தம் கூடிக்கொண்டு போனது. வோல்ட் என்றார்கள், சூடு என்றார்கள், எனக்குப் புரியாத எண்களை மாற்றி மாற்றி வீசிக்கொண்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நன்றாகச் சண்டை போடுகிறவர்கள் கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

கடைசியில் அத்தை எழுந்து நேராக ஹாலுக்கு நடந்தார். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நின்று, "அந்தப் புது புராசஸர் வரட்டும். வெறும் விசிறியில, இந்த வீட்டுல, ஏர்கோன் இல்லாம அஞ்சைத் தாண்டிச்சுன்னா நான் வேலையை விட்டுடறேன். தாண்டலைன்னா என் வேலையைப் பத்தி யாரும் பேசக்கூடாது," என்றார்.

அந்த அம்மா திகைத்துப் போய், "அஞ்சுன்னா? அஞ்சாம் தேதியா?" என்று கேட்டார்.

மகன் பின்னாலேயே வந்து, "சரி" என்றார். எதற்குச் சரி என்கிறார் என்று அவருடைய அம்மாவுக்கும் தெரியவில்லை, என் அம்மாவுக்கும் தெரியவில்லை. ஆனால் மாப்பிள்ளையே சரி என்றுவிட்டதால் இரண்டு அம்மாக்களும் சரி என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. சம்பந்தம் பேசியாயிற்று, தேதி மட்டும் குறிக்க முடியவில்லை. கோயில் ஐயர் நல்ல நாள் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு அப்பா, "இன்னும் சிப் வரலைங்க ஐயா," என்றிருக்கிறார். ஐயர் அதை ஏதோ அரசாங்கக் காகிதம் என்று நினைத்துக்கொண்டு, இழுத்தடிப்பார்கள், பொறுமையாக இருங்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினாராம். மாப்பிள்ளையின் அம்மா வாராவாரம் அம்மாவுக்குப் போன் செய்வார். உடம்பு எப்படி, மழை உண்டா என்று விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அது வந்துடுச்சா?" என்று கேட்பார். இன்னும் இல்லையாம், தள்ளிப் போட்டுட்டாங்களாம் என்று அம்மாவும் குரலைத் தாழ்த்திச் சொல்வார். பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் பேசிக்கொள்வதுபோல இருக்கும்.

மாப்பிள்ளையும் போன் செய்வார். அவர் அத்தையோடு பேசுவார். "இன்னைக்கு ஒருத்தன் அஞ்சைத் தாண்டின படம் போட்டிருக்கான், பார்த்தீங்களா?" என்று தொடங்கும். அது பொய்ப்படம் என்பார் அத்தை. அரை மணி நேரம் சண்டை நடக்கும். போனை வைத்த பிறகும் அத்தை நடு அறையில் தனியாக மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

புராசஸர் வெளிவரும் நாள் நெருங்க நெருங்க, அஞ்சைத் தாண்டியது என்று சொல்பவர்கள் அதிகமானார்கள். குளிர் நாட்டுக்காரர்கள் மட்டும் சொன்னவரைக்கும் அத்தை அசையவில்லை. ஒருநாள் பேங்காக்கிலிருந்து ஒருவர், வெறும் விசிறியில், ஜன்னலைத் திறந்துவைத்துத் தாண்டினேன் என்று எழுதிவிட்டார். அன்று அத்தை கணினியைச் சீக்கிரமே அணைத்துவிட்டார். மறுநாள் தொழிற்சாலைச் சீருடையைத் தேய்க்கும்போது ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் முடித்ததும் சேர்ந்த வேலை அது. தன் பிரிவில் பத்துப் பதினைந்து பேரை அத்தைதான் பார்த்துக்கொண்டார்.

அப்பா பொறுக்க முடியாமல், "நான் வேணா அவங்ககிட்ட பேசிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்ணே. ஹால்ல நின்னு எல்லார் முன்னாலயும் சொன்னது நான்தானே."

சோதனை நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை புராசஸரையும் அதற்கேற்ற மதர்போர்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே அவருடைய அம்மா, ஒரு தட்டு லட்டோடு. சாப்பாடு முடிந்ததும் வானம் இருட்டிக்கொண்டு வந்து, அடித்துப் பெய்தது மழை. ஜன்னல் வழியாக ஜில்லென்று காற்று. ஒரு வாரமாக மழை வரவில்லையே என்று புலம்பிய அப்பா, வாசலில் நின்று மழையைத் திட்டினார். அறை குளிர்ந்தால் புராசஸரும் குளிரும், குளிர்ந்தால் வேகம் தாண்டிவிடும் என்பது அந்த மாதங்களில் அவருக்கும் பாடமாகியிருந்தது. "கொஞ்ச நேரம் கழிச்சுப் பெய்யக்கூடாதா," என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

நடு அறையில் எல்லாரும் நெருக்கி நின்றோம். நான் மேசையை ஒட்டி, மாப்பிள்ளையின் முழங்கைக்குக் கீழே. அவர் சின்னப் பெட்டியைத் திறந்து புராசஸரை எடுத்தார். வெள்ளித் தகடுபோல் பளபளத்தது. ஆனால் ஓரத்தில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று ஒட்டியிருந்தது. அது எனக்குத் தெரிந்த பசை. புராசஸரை மாட்டிய பிறகு, விசிறியைப் பொருத்துவதற்கு முன்னால் அத்தை அதைத்தான் தடவுவார்.

"ஐயே, இது புதுசு இல்ல! பசை இருக்கு! ஏற்கெனவே மாட்டிப் பார்த்துட்டாரு!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் காது சிவந்தது. அத்தை புராசஸரைக் கையில் வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது. பிறகு ஒரு டிஷ்யூவால் ஓரத்தைத் துடைத்தார். "சில சமயம் ஃபேக்டரியில இருந்தே அப்படித்தான் வரும், பாப்பா. சத்தம் போடாதே," என்றார். பசை விஷயத்தில் என்னிடம் அத்தை சொன்ன முதல் தப்பான தகவல் அது.

எல்லாம் மாட்டி முடிந்தது. விசிறி சுழன்றது. எண்களை மாற்றும் நீலத் திரை வந்தது. மாப்பிள்ளை வேகத்தை அஞ்சுக்கு மேல் ஒரு படி வைத்தார். அடுத்து மின்சார அளவு. அதில் ஓர் எண்ணை அடித்துவிட்டுக் கையை எடுத்தார்.

அத்தை குனிந்து பார்த்தார். "வோல்ட் இவ்வளவுதானா?"

"போதும்."

"இவ்வளவு கொஞ்சமா?"

"போதும் லா," என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே.

அத்தை திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்றால், பின்னால் நின்ற என் அம்மா, "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்கும் அளவுக்கு. அப்புறம் அத்தையே கையை நீட்டி எண்டர் விசையைத் தட்டினார்.

கணினி எழுந்தது. மூலையில் அஞ்சு தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா கைதட்டப் போனார். புராசஸரை முழு மூச்சாக வேலை வாங்கும் ஒரு நிரலை மாப்பிள்ளை ஓடவிட்டார். அது கொஞ்சம் ஓடியது. திரை அப்படியே உறைந்தது. பிறகு கறுத்துப்போனது.

"இன்னொரு தடவை அமுக்கு," என்றார் அவருடைய அம்மா. அமுக்கினார். மறுபடியும் கறுத்தது. அந்த அம்மா விடவில்லை. தானே முன்னால் வந்து, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அப்போதும் அதே கதைதான்.

"முடியலைம்மா. அவங்க சொன்னதுதான் சரி," என்றார் மகன்.

அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "என்ன பண்றது. மெஷினே சொல்லிடுச்சு. வேலைக்குப் போகட்டும்," என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். அத்தை ஜெயித்துவிட்டார், மாப்பிள்ளை தோற்றுவிட்டார், தோற்றவர் வீட்டுக்குப் போய்விடுவார், கணினி இங்கேயே இருக்கும். ஹாலுக்கு ஓடினேன். அங்கே அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா எல்லாருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். தோற்ற மாப்பிள்ளைக்கு இரண்டு லட்டு. அவரும் வெட்கமே இல்லாமல் இரண்டையும் சாப்பிட்டார். கல்யாணம் உறுதியாகிவிட்டது என்று என்னிடம் சொன்னபோது நான் அழுத அழுகையைப் பார்த்து, அத்தை மேல் எவ்வளவு பாசம் என்று மாப்பிள்ளையின் அம்மா கண் கலங்கினார்.

கல்யாணம் நடந்தது. கணினியும் போனது. பள்ளி விடுமுறையில் என்னை பெர்மாஸ் ஜெயாவுக்குக் கூட்டிப்போனார்கள். அத்தை விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு செனாய்க்குப் போய்விடுவார். நான் அத்தையின் மாமியாரோடு தொலைக்காட்சி பார்ப்பேன். சாயங்காலம் மூடியில்லாத அதே கணினியில், அன்று கொண்டுவந்த அதே புராசஸரில், மாமாவாகிவிட்ட மாப்பிள்ளை எனக்குக் கார்ப்பந்தயம் போட்டுக்கொடுத்தார். கார் பறந்தது. திரையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். அஞ்சைத் தாண்டியிருந்தது. ஒரு மணி நேரம் விளையாடினேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"மாமா, அஞ்சுக்கு மேல ஓடுதே! அன்னைக்கு மட்டும் ஏன் ஓடலை?"

மாமா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய அம்மா வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "உங்க ஊர்ல சூடு ஜாஸ்தி," என்றார்.

"அன்னைக்கு மழைதானே பெஞ்சுச்சு?"

சமையலறையில் அத்தை ஏதோ குடித்துக்கொண்டிருந்தார் போல. புரையேறி இருமும் சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"மழைதான்," என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். "ஆனா சூடான மழை."

எண்கள் விஷயத்தில் மாமா பொய் சொல்ல மாட்டார் என்று அத்தையே என்னிடம் சொல்லியிருந்தார். அதனால் நான் அதை அப்படியே நம்பினேன். கூலாயில் பெய்வது சூடான மழை, பெர்மாஸ் ஜெயாவில் பெய்வது குளிர்ந்த மழை என்று பள்ளிக்கூடத்தில் என் வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் விளக்கிச் சொன்னேன். அடுத்த தடவை மழை பெய்தபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டியும் பார்த்தேன். அது ஜில்லென்றுதான் இருந்தது. அத்தையின் புராசஸருக்குத் தெரிகிற சூடு என் கைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.