அல்ஜியர்ஸுக்கு ஒரு டிக்கெட்

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரெட்டியார்பாளையத்தில் கிறிஸ்துதாஸ் ஐயாவிடம் பிரெஞ்சுத் தாள் ஒன்றைக் கொண்டுபோய் நீட்டாத குடும்பம் குறைவு. பென்ஷன் கடிதமோ தூதரகத்து விண்ணப்பமோ, எதுவானாலும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, என்ன பதில் எழுதுவது என்று சொல்லிவிடுவார். குறுக்கே யாராவது சந்தேகம் கேட்டால் மட்டும் முகம் கடுத்துவிடும். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் அறுபத்தெட்டு வயதிலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். நாற்பது வருஷமாக அதை நடத்தியவள் சூசைமேரி.

ஒரே மகன் நெல்சன். பாரிஸில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. கம்பெனி அவனை அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸுக்கு, ரயில் பாதை வேலைக்கு அனுப்பியிருந்தது. போன மாதம் ஒரு புதன்கிழமை, கூட வேலை செய்யும் கலியமூர்த்தி போன் செய்தான். சாரத்திலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான், வீட்டாரை உடனே வரச் சொல்கிறார்கள் என்றான். சூசைமேரிக்கு முட்டியில் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கிறிஸ்துதாஸ் தனியாகக் கிளம்புவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை டிராவல்ஸ் ஆபீசில் ஹேமலதா என்ற பெண் டிக்கெட் தேடினாள். சென்னையிலிருந்து தோஹா, அங்கே விமானம் மாறி அல்ஜியர்ஸ். திங்கட்கிழமைக்குத்தான் இடம் இருந்தது. டிக்கெட் போடுமுன் அவள் விசாவைப் பற்றிக் கேட்டாள். டில்லியில் இருக்கும் அல்ஜீரியத் தூதரகத்தில் இன்றைக்கே நிலைமையைச் சொல்லி விசாரித்துவிடலாம் என்றாள்.

கிறிஸ்துதாஸுக்குச் சிரிப்பு வந்தது. அவரிடம் இருந்தது பிரான்ஸ் நாட்டுப் பாஸ்போர்ட். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அதே அல்ஜியர்ஸில் இரண்டு வருஷம் காவல் நின்றவர். அப்போது அந்த ஊர் பிரான்ஸின் கையில் இருந்தது. அந்தக் காலம் போய் அறுபது வருஷமாகிவிட்டது என்பது கிறிஸ்துதாஸுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை.

"பிரெஞ்சு பேசுற ஊருக்கு பிரெஞ்சுப் பாஸ்போர்ட்ல போறவனுக்கு எதுக்கும்மா விசா? எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார். அந்தப் பெண் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் சூசைமேரியும் சொல்லிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு சொல்லுதே, ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்." அவர் போடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் மகனுக்காகப் பூசைக்கு எழுதிக் கொடுத்தார். சனி, ஞாயிறு பெட்டி கட்டுவதில் போயிற்று.

திங்கட்கிழமை சென்னை விமான நிலையத்தில், கவுன்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிரெஞ்சுக்காரர்களும் அங்கே விசா வாங்கித்தான் போகவேண்டும், ஏற்ற முடியாது என்றார். கிறிஸ்துதாஸ் தமிழில் சண்டை போட்டார், பிறகு பிரெஞ்சில் சண்டை போட்டார், கடைசியில் மகனின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார். விமானம் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. சாயங்காலம் வரை பெட்டியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். மகனை நானே கைவிட்டேன் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் அவர் மனதில் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் டில்லிக்குப் போயிற்று. ஹேமலதா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அவளேதான் தினமும் தூதரகத்துக்குப் போன் போட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். வியாழக்கிழமையே கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ, அது யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் அவரைத் தின்றது.

வெள்ளிக்கிழமை காலை கலியமூர்த்தி கூப்பிட்டான். நெல்சன் விடியற்காலையில் இறந்துவிட்டான். உடலைக் கம்பெனியே சென்னைக்கு அனுப்பும், ஐயா வரவேண்டாம் என்றான். கிறிஸ்துதாஸ் சரி என்றார். அவன் போனை வைக்கவில்லை.

"திங்கக்கெழம நல்லா நெனவு வந்துச்சு ஐயா. ஒரு மணி நேரம் பேசினான். அப்பா வர்றாரான்னு கேட்டான். ஃப்ளைட் ஏறிட்டாருடா, ராத்திரிக்குள்ள வந்துடுவாருன்னு சொன்னேன். வாசப்பக்கமே பாத்துக்கினு இருந்தான்."

சூசைமேரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசியா புள்ள நம்மளக் கேட்டானாமா?"

"இல்ல மேரி. அவனுக்கு நெனவே வரலியாம்" என்றார் கிறிஸ்துதாஸ்.