நூற்றோராவது மூலகம்

1956இல் வவுனியாவில் நடந்த விஞ்ஞான ஆசிரியர் நேர்முகத்தேர்வில், தனிமங்கள் எனப்படும் இரசாயன மூலகங்கள் எத்தனை என்று பத்மாசனியிடம் கேட்டார்கள்.

"நூற்றொன்று ஐயா. விஞ்ஞானிகள் கடைசியாச் செய்தது மென்டலீவியம்."

"புத்தகத்திலை தொண்ணூற்றிரண்டுதானே! அதைக் கண்ணாலை கண்டனீரோ?" என்றார் தேர்வுக்குழுத் தலைவர்.

"காண ஏலாது ஐயா. முதலிலை பதினேழு அணுதான் செய்தவை. கதிர் வீசி, மணித்தியாலக் கணக்கிலை அழிஞ்சுபோடும்."

அறையே சிரித்தது. தொண்ணூற்றிரண்டு என்று சொன்னவருக்கே வேலை கிடைத்தது. விஞ்ஞானச் சஞ்சிகைகளை வரி விடாமல் படித்த பத்மாசனி, தர்மபுரத்துக் கமக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வயலில் இறங்கினாள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, தங்கை நேசமலர் புதிய பாடநூலோடு வரம்பில் வந்து நின்றாள். "அக்கா, நீங்கள் அண்டைக்குச் சொன்னது இதிலை கிடக்கு."

பத்மாசனி சேற்றுக்கையால் அதைத் தொடவில்லை. "இப்ப ஆருக்கடி வேணும்?" என்று கேட்டுவிட்டு, களை பிடுங்கக் குனிந்தாள்.